கரிக்கட்டை என்று எழுதப்பட்ட மலை ஈச்சை

எனக்கு வயது முப்பத்திரண்டு. ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். என்னை வேலையை விட்டு அனுப்பியபோது மூர்த்தி சார் சொன்ன வார்த்தையே அதுதான்: "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா." அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஆகவே, நம் தாவரவியல் துறையில் படிக்கும் நகரி, புத்தூர்ப் பிள்ளைகள் ஜெராக்ஸ் போட்டு நடத்தும் இந்தப் பத்திரிகைக்கு "ஓய்வு பெற்றவர் அனுபவம்" எழுதித் தரச் சொல்லி நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தபோது, ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

"காட்டு வேல ஜாலியா இருக்குமா அக்கா?" என்று கேட்டீர்கள். இருக்கும் என்றேன். டீ குடித்தீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டே உங்களில் ஒருத்தி சொன்னாள்: "கரடிகோனைக்கு மறுபடியும் சர்வே வருதுக்கா. ஏப்ரல்ல. ஃபீல்டு வேலைக்கு எங்கள்ல ரெண்டு பேர எடுத்துக்கினாங்க."

நீங்கள் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். ஏப்ரல்! மறுபடியும் ஏப்ரல்! வருடத்தில் மீதி மாதமெல்லாம் எங்கே போயிற்று? உங்களுக்கு ஜாலியான கட்டுரை ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்காரி. வீட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்தில் படித்து, திருப்பதியில் எம்.எஸ்சி. முடித்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து பெங்களூர் போனார்கள். ஒருத்தி அமெரிக்காவே போய்விட்டாள். எனக்குச் செடி பிடிக்கும், மலை பிடிக்கும், ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. அப்போதுதான் நாட்டில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். குவாரி, பாக்டரி, ரிசார்ட் என்று எது வருவதானாலும், அந்த இடத்தில் என்ன மரம் இருக்கிறது, என்ன பிராணி இருக்கிறது என்று ஓர் அறிக்கை வேண்டும். அறிக்கை எழுதித் தரத் தனியார் நிறுவனங்கள் முளைத்தன. அப்படி முளைத்த ஒன்றில்தான் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாடியில் இரண்டு அறை, ஒரு ஜீப், மூர்த்தி சார்.

மூர்த்தி சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அவரைக் கெட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. நீங்கள் சந்திக்கப் போகிறவர்களும் அவரைப் போலத்தான் நல்லவர்களாக இருப்பார்கள்.

காட்டுக்கு வரும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு செடியைத் தொடுவதற்கு முன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைத்த பிறகுதான் இலையைத் திருப்பிப் பார்ப்பார். "நம்ம கை வேர்வை அதுக்கு எதுக்கும்மா?" என்பார். தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது அவர்தான். திருமலை அடிவாரத்தில், அலிபிரிக்குப் பின்னால் இருக்கும் சரிவுகளில் மழைக்காலம் முழுக்கப் பழக்கினார். நடைபாதையில் கோவிந்தா போட்டுக்கொண்டு பக்தர்கள் ஏறுவார்கள். நாங்கள் புதருக்குள் கயிறு கட்டிக்கொண்டிருப்போம். முறை இதுதான்: நான்கு முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி ஒரு சதுரம் போட வேண்டும். சதுரத்துக்குள் இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தள்ளிப் போய் அடுத்த சதுரம். கயிற்றைத் தனியாளாகக் கட்ட முடியாது. ஒரு முனையில் அவர், மறு முனையில் நான். கயிறு தொய்ந்தால் விடமாட்டார். "தொய்வா இருந்தா கணக்கும் தொய்வா இருக்கும்" என்று அவிழ்த்து மறுபடி கட்ட வைப்பார். விரல் காய்த்துப் போயிற்று. சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சரிவில் அவர் சொல்லிக்கொடுத்த ஒரு விதி: பச்சை இருந்தால் எண்ணு, இல்லையென்றால் எண்ணாதே. புல்லும் பூண்டும் மண்டிய இடத்தில் போன வருடத்துக் காய்ந்த தண்டும் நின்றுகொண்டிருக்கும். அதையும் சேர்த்து எண்ணினால் தப்பான கணக்கு வரும். அலிபிரியில், மழைக்காலத்தில், புல்லுக்கு அது நல்ல விதி. அந்த விதியைத்தான் பிறகு கத்தியாகப் பிடித்தார்கள்.

கரடிகோனை கார்வேட்டிநகரத்திலிருந்து உள்ளே போகிற மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. கோனை என்றால் நம் பக்கம் மலைகளுக்கு இடையில் ஒடுங்கிப் போகும் பள்ளத்தாக்கு. அங்கே கறுப்புக் கல் நல்ல ஜாதி என்று ஒரு கிரானைட் கம்பெனி கண்டுபிடித்தது. அந்தக் கல்லைப் பளபளவென்று இழைத்துக் கப்பலேற்றினால் எந்த நாட்டிலோ குளியலறைக்கும் கல்லறைக்கும் போடுவார்களாம். பள்ளத்தாக்கின் இரண்டு இடங்களில் கல் இருந்தது. மேல் முகட்டில் ஒன்று. அது வெறும் பாறை. கீழ்ச் சரிவில் இன்னொன்று. அங்கே புல்லும் செடியும் உண்டு. மேலே போக ரோடு போட வேண்டும். கீழே ஏற்கெனவே ரோடு இருக்கிறது. கம்பெனி கீழ்ச் சரிவைக் கேட்டது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது ஏப்ரலில். மாடுகளுக்கு இளம்புல் வரட்டும் என்று ஊர்க்காரர்கள் வெயில் காலத்தில் சரிவுக்கு நெருப்பு வைப்பார்கள். வருடா வருடம் நடப்பது. அந்த நெருப்பு அணைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சரிவு முழுக்கக் கறுப்பு. காலை வைத்தால் சாம்பல் பறந்தது. சாம்பலுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், கரிந்துபோன கட்டைகள் அங்கங்கே நின்றன.

முளை அடித்துக்கொண்டிருந்தோம். கீழே குடிசையில் இருக்கும் பாப்பம்மா அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர். தமிழ்க் குடும்பம். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான்.

"இன்னாம்மா, கயிறு கட்டி அளந்துக்கினு கீறீங்க? பட்டா குடுக்கப் போறாங்களா?"

"இல்லக்கா. செடிய எண்ணுறோம்."

"செடிக்குப் பட்டாவா? எனக்கு வாங்கிக் குடும்மா மொதல்ல. அது எங்கயும் போவாது, நின்னுக்கினுதான் கீது."

மூர்த்தி சார்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு அக்கா சிரிக்காமல் சொன்னார்: "சட்டுனு முடிங்கம்மா. எம் புள்ள பெங்களூர்ல கட்டடத்துல கல்லு தூக்கறான். மூணு மாசத்துக்கு ஒரு தபா வர்றான், எளச்சிப் போய் வர்றான். இங்கயே கல்லு கீது. இங்கயே தூக்கட்டுமே."

நான் தலையாட்டினேன்.

முதல் சதுரம் கட்டினோம். உள்ளே அந்தக் கட்டைகள் நின்றன. எனக்குச் சந்தேகம் தட்டியது. குனிந்து ஒரு கட்டையைப் பார்த்தேன். எரிந்த மரக்கட்டை இப்படி இருக்காது. சுற்றிலும் செதில் செதிலாக, பழைய மட்டைகள் உதிர்ந்த தழும்புகள் அடுக்கடுக்காக இருந்தன. நகத்தால் சுரண்டினேன். கரி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஈரம்! பசை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு இழுத்தது.

மலை ஈச்சை. தெலுங்கில் கொண்ட ஈத்த. பெயர்தான் ஈச்சை, ஈச்சமரத்துக்கும் அதற்கும் உறவில்லை. பூக்காது, கூம்பு விடும். ஆண் செடி தனி, பெண் செடி தனி. உலகத்திலேயே நம் பக்கத்து மலைகளில் மட்டும் இருக்கிற செடி. திருமலைப் பக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கரடிகோனையில் இருப்பதாக எங்கேயும் பதிவில்லை.

"சார்! சார், இங்க பாருங்க. கொண்ட ஈத்த. உயிரோட இருக்குது சார்!"

அவர் மறு முனையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கிட்டே வரவில்லை.

"இலை இருக்காம்மா?"

"எரிஞ்சி போச்சு சார். உள்ள ஈரம் இருக்குது. மழை வந்தா, மழைகூட வேணாம், கொஞ்ச நாள்ல துளிர்க்கும்."

"ஈரம் கணக்குல வராதும்மா. பச்சைதான் கணக்கு."

"அது புல்லுக்கு சார்."

"விதி விதிதாம்மா. செடிக்கு ஒண்ணு, புல்லுக்கு ஒண்ணுன்னு வச்சா நாளைக்கு எவன் வேணா எதை வேணா எழுதுவான். எழுது: கரிக்கட்டை."

எங்கள் அச்சிட்ட தாளில் கரிக்கட்டைக்கு ஒரு கட்டம் உண்டு. ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு விறகு கிடைக்கும் என்று பார்ப்பதற்காக வைத்தது. அந்த விறகுக் கட்டத்தில், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு செடி, உயிரோடு, அடுப்பெரிக்கும் கட்டையாக ஏறியது. சதுரம் சதுரமாக ஏறியது. மழை வந்த பிறகு இன்னொரு முறை பார்க்கலாம் சார் என்று கெஞ்சினேன். அறிக்கையை மழைக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்றார். ஏன் மழைக்கு முன்னால்? யார் சொன்னது? யாருக்கு அவசரம்? அவர் கயிற்றைச் சுருட்டினார், ஒரு சிக்கல் இல்லாமல்.

கடைசி நாள் அவர் ஜீப்புக்குப் போன பிறகு, சின்னக் கட்டை ஒன்றை வேரோடு தோண்டி எடுத்தேன். பைக்குள் போட்டேன். காட்டிலிருந்து செடியை எடுப்பது குற்றம், தெரியும். விறகுதானே! விறகை எடுக்காதே என்று எந்தத் தாளிலும் எழுதவில்லையே!

நகரி வீட்டில் பழைய பெயின்ட் டப்பாவில் மண் போட்டு நட்டேன். தறிக்கூடத்து ஜன்னலில் வைத்தேன். நைனாவுக்கு ஒரே வேடிக்கை.

"எம்.எஸ்சி. படிக்க வச்சது கரிக்குத் தண்ணி ஊத்தவாம்மா?"

"துளிர்க்கும் நைனா."

"துளுத்தா அந்தத் தறியோட காலுக்கும் ரெண்டு சொம்பு ஊத்து. அதுவும் கட்டதான், அதுவும் துளுக்கட்டும்."

தினமும் காலையில் தறி ஓட்டப் போகும்போது கேலி செய்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள் கேலி வரவில்லை. "சுகுணா, இங்க வா" என்று குரல் வந்தது. ஓடினேன். கட்டையின் உச்சியில் பழுப்பு நிறத்தில் மொத்தை மொத்தையாக, பூனைக்குட்டி ரோமம் மாதிரி ஏதோ முட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டு வாரத்தில் அது விரிந்தது. ஒவ்வொரு சின்ன இலையும் கடிகாரச் சுருள்போலச் சுருண்டிருந்து, மெல்லப் பிரிந்து, பச்சையாக நின்றது. நைனா அன்று தறியை நிறுத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். "நெருப்புல போட்டாலும் சாவாதா இது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்போது மழை இன்னும் வரவில்லை. மழைக்காக நாங்கள் காத்திருக்கக்கூடத் தேவைப்பட்டிருக்காது. கொஞ்ச நாள். கொஞ்ச நாள் பொறுத்து அங்கே போயிருந்தால் சரிவே பச்சையாக நின்றிருக்கும்.

குவாரி பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் கரடிகோனைக்குக் கீழே, பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் வருவாய்த் துறை அதிகாரி. ஒரு பக்கம் கம்பெனி ஆள், இன்னொரு பக்கம் மூர்த்தி சார். எதிரே ஊர் ஜனம். அறிக்கையைத் தெலுங்கில் வாசித்தார்கள். பாதுகாக்க வேண்டிய தாவரம் எதுவும் கீழ்ச் சரிவில் காணப்படவில்லை என்ற வரி வந்ததும் நான் எழுந்தேன். பெயின்ட் டப்பாவைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

"இது அங்க இருந்தது சார். கரிக்கட்டைன்னு எழுதினோமே, அதுல ஒண்ணு."

கம்பெனி ஆள் சிரித்தார். "நர்சரியில வாங்கிக்கினு வந்திருக்குது இந்தப் பொண்ணு."

ஜனமும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மூர்த்தி சார் பக்கம் திரும்பி, "நீங்க பாத்து சொல்லுங்க" என்றார்.

மூர்த்தி சார் எழுந்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இலையைத் திருப்பினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பார்த்துக்கொண்டே, எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து, அலிபிரியில் என்னைத் திட்டுகிற அதே குரலில் சொன்னார்:

"இத ஏம்மா வேரோட எடுத்த? கீழ்ச் சரிவுல பெண் செடி இருக்கறதே கொஞ்சம்தானே. இதுவும் பெண்ணா இருந்தா?"

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம்னா?" என்று அதிகாரி கேட்டார். "அப்ப இருக்குதா, இல்லையா?"

மூர்த்தி சார் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலம் அவர் செடியை அடையாளம் காணவில்லை, பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மலை ஈச்சையில் எது ஆண், எது பெண் என்பதை இலையை வைத்துச் சொல்லவே முடியாது. கூம்பு விடும் காலத்தில் நேரில் பார்த்திருந்தால்தான் தெரியும். ஏப்ரலில் என்னோடு வருவதற்கு முன்பே, நல்ல காலத்தில், அவர் அந்தச் சரிவில் தனியாக நடந்திருக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு நெருப்பு வைக்கும்வரை காத்திருந்து, கயிற்றோடு என்னை அழைத்துப் போயிருக்கிறார்.

அறியாதவர்மேல் கோபம் வந்தால் ஆறிவிடும். இது ஆறவில்லை.

அதிகாரி கூட்டத்தைத் தள்ளி வைத்தார். மறு சர்வே செய்ய வேண்டும் என்றார். செடியைப் பறிமுதல் செய்தார்கள். என்னை எச்சரித்து அனுப்பினார்கள். அது இன்று ஓர் அலுவலக வாசலில், அதே பெயின்ட் டப்பாவில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். நல்ல பச்சை. இப்போது கணக்கில் வரும்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது பாப்பம்மா அக்கா வந்தார். கோபமாக இருந்தார்.

"உஞ் செடி பொழச்சிக்கிச்சு. எம் புள்ள?"

"அக்கா, மேல் முகட்டுலயும் கல்லு இருக்குது. அங்க செடி இல்ல. அங்க வெட்டச் சொல்லுங்க."

"அங்க ரோடு இல்லியே."

"போடச் சொல்லுங்க. கம்பெனிதான் போடணும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்த ஏம்மா உள்ள சொல்லல?"

"அறிக்கையில அது கேள்வியே இல்லக்கா."

"இன்னா அறிக்கயோ!" என்று காறித் துப்பிவிட்டுப் போனார்.

அவருடைய மகனையும் என் செடியையும் எதிரெதிரே நிறுத்தியது யார்? ரோடு போட மனசில்லாதவர்கள். மேல் முகட்டில் வேலை நடந்தால் அவன் ஊரிலேயே இருக்கலாம், செடியும் இருக்கலாம். அந்த ஒரு வரியை மூர்த்தி சார் எழுதியிருந்தால் போதும். அவருக்குத்தான் மலையின் ஒவ்வொரு மூலையும் தெரியுமே!

மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு சார்."

"தெரியும்மா." குரல் உயரவில்லை. "நான் பொய் எழுதல. விதிப்படி எழுதினேன்."

அப்புறம்தான் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

மறு சர்வே அறிவிப்பைப் பார்த்தேன். இந்த முறை வேறு நிறுவனம். அதே மாதம், அதே முறை, மழைக்கு முன் அறிக்கை. ஊரில் நெருப்பும் வைப்பார்கள். நீங்கள் போகும்போது கறுப்புச் சரிவில் முழங்கால் உயரக் கட்டைகள் நிற்கும். உங்களுக்கு மேலே இருப்பவர் அன்பாகப் பேசுவார், தண்ணீர் குடித்தாயா என்று கேட்பார், கயிறு கட்ட அழகாகச் சொல்லித் தருவார். பச்சை இல்லை, எழுது என்பார். என்னை அந்தச் சரிவில் கால் வைக்க விடமாட்டார்கள். உங்களை விடுவார்கள்.

குனியுங்கள். நகத்தால் சுரண்டுங்கள். பசை ஒட்டினால், அது உயிர். அப்புறம் உங்கள் கையிலிருக்கும் கயிற்றைக் கீழே போட்டுவிடுங்கள். ஒற்றை ஆளால் சதுரம் கட்ட முடியாது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே மூர்த்தி சார்தான்.